வலைக்குப் பின்னால் நாற்பது பேர்

இந்த சீசனில் புதிதாக டீம் மேனேஜர் ஆகியிருக்கும் உங்கள் நாலு பேருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரயில் டிக்கெட், ஜெர்சி அளவு, பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் பதினைந்து நாளில் கைக்கு வந்துவிடும். அதற்கு என் உதவி தேவையில்லை. கைக்கு வரவே வராத வேலை ஒன்று உண்டு. ஒரு ஆட்டக்காரனைப் பற்றி நாலு வரி எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவது. நம் கம்பெனி ஹாக்கி டீமுக்குப் பதினாறு வருடம் மேனேஜராக இருந்தேன். எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்றைத்தான் திரும்ப வாங்கினேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதில் நான் நல்ல பிள்ளையாக வரமாட்டேன், பரவாயில்லை.

சுடலைமணி என்று ஒரு கோல்கீப்பர். கோவில்பட்டிக்காரன். அந்த ஊர்ப் பக்கம் பிள்ளைகள் நடக்கக் கற்றதும் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொள்வார்கள். அப்படி வளர்ந்தவன். நம் டீமில் இரண்டு வருடம் உதவித்தொகையில் ஆடினான். இரண்டு வருடம் முடிந்தால் பெர்மனென்ட் வேலை, அல்லது வீட்டுக்கு. எது என்பதை விளையாட்டுக் கமிட்டி முடிவு செய்யும், கமிட்டி பார்ப்பது மேனேஜரின் ரிப்போர்ட்டை. அவனுக்கு அப்போது வயது இருபத்தாறு. இங்கே வேலை கிடைக்காவிட்டால் அந்த வயதில் வேறு டீம் எடுக்காது. "தீப்பெட்டி ஆபீஸ்ல போயி நிக்க வேண்டியதுதான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். சிரிப்புக்குள் பயம் இருந்தது எனக்குத் தெரியும்.

தாராவியில் முத்தையா அண்ணாச்சியோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். அண்ணாச்சி இட்லி வியாபாரி. காலையில் சைக்கிளில் இட்லிப் பானையோடு கிளம்பினால் பன்னிரண்டு மணிக்குள் காலியாகிவிடும். மூன்று மணி மேட்ச்சுக்கு அவரும் அவரோடு நாலைந்து இட்லிக்காரர்களும் சர்ச்கேட் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். நிழல் பார்த்து உட்காருவார்கள். விடிவதற்கு முன் எழுந்தவர்கள் ஆயிற்றே, பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இவர்கள் வரமுடியாது. அன்றைக்குத்தான் இட்லிக்கு நல்ல கிராக்கி.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு கூட்டம். தோல் பை பட்டறையில் மேஸ்திரியாக இருக்கும் தங்கப்பாண்டிதான் அதற்குத் தலைவர். பட்டறைகளுக்கு வாரத்தில் அந்த ஒருநாள்தான் லீவு. மாஹிமில் ரயில் ஏறி நாற்பது பேர் வருவார்கள். ஸ்டாண்டில் உட்கார மாட்டார்கள். மணி நிற்கும் கோலுக்குப் பின்னால் கம்பிவேலியை ஒட்டி நாலு படி இருக்கிறது, அங்கேதான் இடம். பாதி ஆட்டம் முடிந்து டீம்கள் பக்கம் மாறினால் இவர்களும் கடலைப் பொட்டலத்தோடு எழுந்து மறுகோடிக்கு நடந்து, மறுபடி மணியின் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். ஊர்க்காரனைத் தனியாக விடக்கூடாது என்பது அவர்கள் வைத்திருந்த சட்டம்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வாட்ஸாப் குரூப். மேனேஜரும் இருக்கட்டும் என்று என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். தமிழ் எழுத வராத பிள்ளைகள் அதிகம் என்பதால் எல்லாம் குரலில்தான் வரும். மாட்டுங்காவில் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே கேட்பேன். நாடகம் கெட்டது போங்கள்.

முத்தையா அண்ணாச்சி சொல்வார்: "ஏ தங்கப்பாண்டி, செவ்வாக்கெழம நீ வந்து பாத்திருக்கணும்வே. மூணு பெனால்டி கார்னர். மூணையும் தடுத்துட்டான். செவரு மாதிரில்லா நிக்கான்."

தங்கப்பாண்டி விடமாட்டார்: "நான் பாக்கும்போதெல்லாம் அந்தச் செவத்துல கதவு தொறந்துல்லா கெடக்கு அண்ணாச்சி. ஏக்தம் பேக்கார், ஒண்ணுக்கும் ஒதவ மாட்டான். நேத்து காலுக்கு நடுவுல பந்து போவுது, இவன் ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிக்கான்."

"நீ கண்ணாடிய மாத்து."

"நீங்க ரூம்மேட்டுக்குச் சப்போட்டு பண்ணாதிய."

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும். நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். அண்ணாச்சிக்குப் பாசம், தங்கப்பாண்டிக்குக் கோபம், ரசிகர்கள் பேச்சை மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று முடிவு கட்டினேன். இரண்டு பேரும் தங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஒருவர் வாரநாளில் பார்த்தார், ஒருவர் ஞாயிற்றுக்கிழமையில் பார்த்தார். இரண்டையும் பார்த்த ஒரே ஆள் நான்.

எனக்கும் கணக்குத் தெரியாமல் இல்லை. வாரநாளில் லீக் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமையில் நாக்அவுட் என்பது எங்கள் போட்டிகளின் வழக்கம். லீக்கில் நன்றாக ஆடுகிறான், நாக்அவுட்டில் சொதப்புகிறான். அப்படியானால் என்ன அர்த்தம்? பெரிய ஆட்டம் என்றால் உதறல். கோச்சிடம் கேட்டேன், அவரும் ஆமாம் என்றார். மணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சரியாப் பண்ணிருதேன் சார்" என்றான். அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். இந்தப் பிழையை நீங்களும் செய்வீர்கள். ஒருவனுக்குத் தைரியம் இல்லை என்று எழுதுவது ரொம்பச் சுலபம். யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். எழுதுகிற நமக்கும் ஆளை எடைபோடத் தெரிந்தவன் என்று ஒரு மிதப்பு வரும்.

செமிஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. ரிப்போர்ட்டுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வேலை முடிந்தால் சரி என்று வெள்ளிக்கிழமையே எழுதி அனுப்பிவிட்டேன். "பெரிய ஆட்டங்களைத் தாங்கும் மன உறுதி இல்லை. பெர்மனென்ட் செய்யப் பரிந்துரைக்கவில்லை." அவ்வளவுதான். சனிக்கிழமை பயிற்சியில் மணி என்னைப் பார்த்து வணக்கம் சொன்னான். நானும் சொன்னேன்.

செமிஃபைனலில் இரண்டாவது குவார்ட்டர். பந்து நம் ஆள் காலில் பட்டது என்று அம்பயர் பெனால்டி கார்னர் கொடுத்தார். படவே இல்லை. இப்போதும் சொல்வேன், படவில்லை. என் வாய் எப்போதும் கொஞ்சம் நீளம், அன்றைக்குக் கையும் நீண்டுவிட்டது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வீசினேன். யார்மேலும் விழவில்லை, ஆனால் அம்பயர் காலடியில் போய் விழுந்தது. அவர் என்னிடம் வந்து கார்டைக் காட்டி, பெஞ்சை விட்டு வெளியே போகச் சொன்னார். போட்டிக்குழு ஆள் ஒருவர் கூடவே நடந்து வந்து, ஆட்டம் முடிகிறவரை ஆட்டக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று விதியை நினைவுபடுத்தினார். ஐம்பத்தாறு வயதில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப் போல மைதானத்தைச் சுற்றி நடந்தேன். ஸ்டாண்டில் மற்ற கம்பெனி ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. நேராகக் கம்பிவேலிப் பக்கம் போனேன்.

"வாங்க சார் வாங்க, நம்ம ஸ்டாண்டுக்கே வந்துட்டியளா!" என்று தங்கப்பாண்டி இடம் ஒதுக்கிக் கையில் கடலையைக் கொட்டினார்.

பதினாறு வருடத்தில் கோலுக்குப் பின்னால் நின்று நான் ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. மேனேஜர் பெஞ்ச் நடுக்கோட்டுக்கு அருகே இருக்கும். அங்கிருந்து கேட்டால் ரசிகர்கள் போடுவது வெறும் இரைச்சல். இங்கே ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் கேட்டது.

"ஏறுல மணி, ஏறு!"

"ஏறாத! நில்லுல, நில்லு!"

"வலத்த ஆளு நிக்கான் பாரு!"

"கால போடு! கீழ விழு!"

நாற்பது பேர், நாற்பது யோசனை. அத்தனையும் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். எதிர் டீம் கீப்பர் இந்தப் பக்கம் நின்றிருந்தால் அவனுக்கு இது தகரக்கூரையில் மழை பெய்கிற மாதிரி. மணிக்கு அப்படியில்லை. நான் அவன் கால்களையே பார்த்தேன். 'ஏறு' என்றால் வலது கால் அரையடி முன்னால் போனது. 'நில்லு' என்றால் பின்னால் வந்தது. தலை ஒரு கணம் வலப்பக்கம் திரும்பி, உடனே நேராயிற்று. பெரிய அசைவு ஒன்றும் இல்லை. பெஞ்சிலிருந்து பார்த்தால் நடுக்கம் என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியிருந்தது.

இதைப் பார்த்த பிறகாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். பக்கம் மாறியபோது நானும் அவர்களோடு மறுகோடிக்கு நடந்து வந்திருந்தேன். கடைசி குவார்ட்டர். ஒன்றுக்கு ஒன்று. எதிர் டீம் ஃபார்வர்ட் ஒருவன் எல்லாரையும் தாண்டிப் பந்தோடு தனியாக வந்தான். பக்கத்தில் நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்தேன். பெஞ்சிலிருந்து நான் கத்தினால் ஹிந்தியில்தான் கத்துவேன், அதுதான் டீமின் பாஷை. அன்றைக்கு வாயில் வந்தது தமிழ்.

"மணி, வெளிய வா! ஏறு!"

அவன் ஏறினான். எல்லாக் குரலையும் தாண்டி என் குரலை அவன் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு வருடம் கேட்ட மேனேஜர் குரல் அல்லவா. அந்த ஃபார்வர்ட் பந்தை லேசாகப் பக்கத்தில் தள்ளி, காலியாகக் கிடந்த கோலுக்குள் உருட்டிவிட்டான். மணி எழுந்து வேலிப் பக்கம் திரும்பினான். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. ஆனால் என்னைத்தான் பார்த்தான். தோற்றோம்.

திரும்பும் ரயிலில் நாற்பது பேரும் மணியைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். "நீங்க கரெக்டாத்தான் சொன்னிய சார், ஏறச் சொன்னிய. அவன்தான் லேட்டு" என்றார் தங்கப்பாண்டி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நம்ம ஊர்ப் பய சார். வயிறு எரியுது." நான் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் இறங்கினேன்.

மறுநாள் ஆபீசில் மணியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நேத்து நான் கூப்பிடலைன்னா என்ன பண்ணியிருப்பே?"

"நின்னுருப்பேன் சார். நம்ம டிஃபென்ஸ்காரன் பின்னாலயே ஓடியாந்துக்கிட்டிருந்தான். நான் ஒரு செகண்டு நின்னாப் போதும், அவன் வந்து மடக்கியிருப்பான்."

"அப்புறம் ஏன் ஏறினே?"

"ஹிந்தில கத்துனா மொதல்ல காதுல விழும், பொறவுதான் அர்த்தம் வரும் சார். தமிழ்ல கத்துனா நேரா காலுக்குப் போயிருது. நான் யோசிக்கதுக்குள்ள காலு போயிருது."

"இதை என்கிட்ட ஏம்ப்பா ரெண்டு வருஷமா சொல்லலை?"

"சொன்னா நீங்க அவங்கள வரக்கூடாதும்பிய. வாரத்துல ஒருநா லீவு சார் அவங்களுக்கு. அத எனக்குக் குடுக்காங்க. வாய மூடுங்கன்னு நான் எந்த மூஞ்சிய வச்சிச் சொல்ல?"

அவனை அனுப்பிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. வேலை போய்விடும் என்று தெரிந்தும் ஊர்க்காரர்களைக் காட்டிக்கொடுக்காத ஒருவனுக்கு மன உறுதி இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற வேண்டும். அதற்குக் கமிட்டி காரணம் கேட்கும். முதலில் ஒரு கடிதம் எழுதினேன். ரசிகர்கள் சத்தத்தால் கவனம் சிதறுகிறது, வேறு குறை இல்லை என்று. நல்ல கடிதம்தான், என் பெயரே அதில் வரவில்லை. எழுதி முடித்துப் படித்தபோது ஓட்டை தெரிந்தது. சத்தத்தால்தான் என்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? எந்தக் குரல் எந்தக் கோலுக்குக் காரணம் என்று நாற்பது பேரில் யாரைக் காட்ட முடியும்? ஒரே ஒரு குரலுக்குத்தான் சாட்சி இருந்தது. கத்தியவன் நான், கேட்டு ஏறியவன் அவன். அதை எழுதினால், வெளியேற்றப்பட்ட மேனேஜர் ஆட்டக்காரனிடம் பேசினான் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். பதினாறு வருடம் பெயர் கெடாமல் இருந்தவன் நான். அன்று முழுவதும் அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு டீ குடித்தேன். தைரியம் என்றெல்லாம் நான் அடுத்தவனைப் பற்றி எழுதியிருந்தேனே, அது எனக்கு வர ஒருநாள் பிடித்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பழையதைக் கிழித்துவிட்டு உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்.

கமிட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றது. அதோடு, போட்டி முடிகிறவரை நான் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றது.

நான் தாராவிக்குப் போனேன். பட்டறையில் தைத்த பைகளைக் குவித்து வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார் தங்கப்பாண்டி. முத்தையா அண்ணாச்சியையும் வரச்சொல்லியிருந்தேன். முதலில் நான் கத்தியதைச் சொன்னேன். பிறகு மற்றதைச் சொன்னேன்.

"அப்பம் நாங்கதான் அவனக் கெடுத்தோம்னு சொல்லுதியளா?" தங்கப்பாண்டி எழுந்துவிட்டார்.

"நானும்தான்னு சொல்றேன்."

அண்ணாச்சி மெதுவாக, "அப்பம் நான் பாத்ததும் நெசந்தான். இவன் பாத்ததும் நெசந்தான். ரெண்டு வருசமா சண்ட போட்டோமேவே" என்றார்.

தங்கப்பாண்டி கையிலிருந்த நூல்கண்டைக் கீழே போட்டார். "நாங்க வரல சார். வீட்லயே கெடக்கோம். அவன் நல்லாருக்கட்டும்."

"அது கூடாது. நீங்க வரலைன்னா அவன் வேற மாதிரி உடைஞ்சுடுவான். வாங்க, வழக்கமான இடத்துலயே நில்லுங்க. சத்தம் மட்டும் போடாதீங்க."

"வராம கெடக்கதவிட அது கஷ்டம்லா சார்."

"தெரியும்" என்றேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆவலோடு இருக்க வேண்டாம். அந்த ஆட்டத்திலும் தோற்றோம், ஒன்றுக்கு இரண்டு. இரண்டு கோலையும் எந்தக் கீப்பராலும் தடுத்திருக்க முடியாது என்று கோச் எழுதிக் கொடுத்தார். மணிக்கு வேலை பெர்மனென்ட் ஆயிற்று. இப்போதும் நம் டீமில்தான் இருக்கிறான், நீங்கள் அவனோடு வேலை செய்யப்போகிறீர்கள். எனக்கு ஒரு வருடம் டீம் கிடையாது என்றார்கள். அந்த ஒரு வருடத்தில் நான் எல்லா மைதானத்திலும் எல்லா மூலையிலும் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். பெஞ்சிலிருந்து மட்டும் பார்த்து எழுதாதீர்கள். ரசிகர்கள் இரண்டு விதமாகப் பேசினால் யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடாதீர்கள், யார் எங்கே நின்று என்றைக்குப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். புத்திமதி இவ்வளவுதான்.

அந்த மூன்றாம் இட ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நடைபாதையில் நின்றேன். அந்தப் பக்கம்தான் முதல் பாதியில் மணியின் கோல். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சுவரைத் தாண்டித் தமிழ் கொட்டும், ரோட்டில் போகிற டாக்ஸிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அன்றைக்கு ஒன்றுமில்லை. பந்து மட்டையில் படுகிற சத்தம், அம்பயர் விசில், நடுவில் ஒரே ஒரு குரல். "பீச்சே ஆ! ஸ்டிக் நீச்சே! ஏழாம் நம்பர் சுட்டா நிக்கான், பக்டோ உஸ்கோ!" பின்னால் வா, மட்டையைத் தாழ்த்து, தனியாக நிற்கிறவனைப் பிடி என்று ஹிந்தியும் தமிழுமாக மணி தன் டிஃபென்ஸை வேலை வாங்கிக்கொண்டே இருந்தான். ஒரு நிமிஷம் ஓயவில்லை.

ஆட்டம் முடிந்து தங்கப்பாண்டிதான் முதலில் வெளியே வந்தார். ஆட்டம் முழுக்க வாயில் கடித்துக்கொண்டிருந்த துண்டு கையில் இருந்தது. தோற்றதைப் பற்றி அவர் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ரெண்டு வருசமா அவன் முதுகுக்குப் பின்னாலயே நின்னுருக்கேன். இம்புட்டுப் பேசுதான் சார் அவன். அவன் கொரல நான் இன்னிக்கித்தான் கேட்டேன்."